கேட்கத் தெரிந்தவள்

எங்கள் முகாமில் யாருக்காவது மனம் கனத்துப் போனால் அக்காவின் வீட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார அங்கே பெரிதாக இடம் ஒன்றும் இல்லை. தார் ஷீட் போட்ட வரிசை வீடுகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து, சந்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற சோப்புத் தண்ணீர். தண்ணீருக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். வந்தவர் அந்தப் பக்கம் குந்திக்கொள்வார். அதன் பிறகு அக்காவின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வரும்.

"அப்புறம்?"

சும்மா காதைக் கொடுக்கிற ரகம் இல்லை அவள். யாராவது பேசத் தொடங்கினால் கையிலிருக்கிற வேலை நின்றுவிடும். தலை இடது பக்கம் லேசாகச் சாயும். பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய உதடுகளும் சத்தமில்லாமல் அசையத் தொடங்கும். பேசுகிறவர் சொல்லப்போகிற சொல்லுக்கு அவள் வாய் முன்கூட்டியே தயாராகிவிடும். சின்ன வயதில் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பேசுகிற யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவளிடம் பேச ஆரம்பித்த ஒருவரும் பாதியில் நிறுத்தியதில்லை.

முகாம் பெரம்பலூருக்கு வெளியே இருந்தது. அக்காவின் அப்பா அம்மா முதல் சண்டையிலேயே இலங்கையிலிருந்து படகேறி வந்துவிட்டவர்கள். அவள் பிறந்ததே இங்கேதான். நானும் என் அம்மாவும் அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வந்து சேர்ந்தோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவளுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். குண்டு வீசுகிற விமானத்தை அவள் பார்த்ததே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் உயரத்தில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகிற விமானங்களைத்தான். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்போது நானும் அம்மாவும் மட்டும் வீட்டுக்குள் போய்விடுவோம். அதை முதலில் கவனித்தவள் அவள்தான்.

அவளுக்கு இரண்டு நாக்கு என்று முகாமில் வேடிக்கையாகச் சொல்வார்கள். கடைத்தெருவில் நின்றால், "அண்ணே, வூட்டுல விருந்தாளி வந்துட்டாங்க, நல்ல மீனா எடுத்துக் குடுங்க" என்பாள். பெரம்பலூர்க்காரி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அதே வாய் என் அம்மாவிடம் வந்தவுடன், "அன்ரி, இண்டைக்கு என்ன கறி? வாசம் அங்கால மட்டும் வருது" என்று மாறிவிடும். எனக்கு அந்த வித்தை வரவே இல்லை. "விளங்கேல்லை" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தவள் நான். அதன் பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை ஆட்களைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வருவார். சிரிக்கவே தெரியாத மனிதர். வரிசையில் கொஞ்சம் தள்ளி நின்றாலும் அதட்டுவார். ஒருமுறை அக்காவின் முறை வந்தபோது அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா சார், கண்ணு இப்புடி செவந்திருக்கு? தூங்கலையா?" என்றாள். நாங்கள் பயந்துவிட்டோம். அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு தன் மகள் யாரோ ஒரு பையனோடு அரும்பாவூருக்குப் போய்விட்டதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாங்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்றோம். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அப்புறம் சார்?" என்றாள். அன்றைக்கு அவளைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் அந்த அதிகாரி அதற்குப் பிறகு எங்களை அதட்டியதில்லை.

கேட்டதை அவள் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். எங்கள் வரிசையில் பூரணம் மாமி என்று ஒருவர் இருந்தார். அவர் படகில் வந்தபோது தையல் மிஷினின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். நடுக்கடலில் படகு தாழ்கிறது என்று படகோட்டி அதைப் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டான். மாமி இதை அழுது அழுது அக்காவிடம் சொல்லியிருந்தார். சில நாள் கழித்துக் குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது அக்கா அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னாள். சொல்லும்போது 'மாமி' என்று சொல்லவில்லை. "நான் அதை மடியில வைச்சிருந்தனான். ஒரு பிள்ளையைப் போல கனத்தது" என்று சொன்னாள். குழாயடியில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பூரணம் மாமியும் அழுதார். அழுது முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"எடியே, அது என்ர மிஷினல்லோ!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தாள். "உங்கடதான் மாமி. ஆனா நான் சொன்னா உங்களுக்கே அழுகை வருதெல்லோ?" என்றாள். மாமி, "அதுவும் சரிதான்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்குப் பதினான்கு வயதில் பள்ளி விடுமுறையில் வெங்காயம் அறுக்கப் போனேன். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் அதிகம். பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தின் தாளை அறுத்து, பட்டறை போடுவார்கள். தரையிலிருந்து தூக்கி, காற்றுப் போகிற மாதிரி மரச்சட்டம் அடித்து, மேலே ஓலை வேய்ந்து, நீளமாகக் குவித்து வைப்பதைத்தான் பட்டறை என்பார்கள். கீழே ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். முகாமிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் போவோம். உள்ளூர்ப் பெண்களும் வருவார்கள்.

அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரி இருந்தது எனக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது வெடி வைத்தார்கள். முதலில் காலுக்குக் கீழே தரை நடுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. குண்டு விழும்போதும் அந்த வரிசைதான் என்று எனக்குத் தெரியும். அடுத்த வெடிக்கு நான் பட்டறைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"ஏய், இங்க பாருங்கடி! சிலோன் பொண்ணு எலி மாதிரி உள்ள பூந்துட்டா!" என்று ஒரு உள்ளூர்ப் பெண் கத்தினாள். வெளியே சிரிப்பு.

"வெளிய வா பொண்ணு, கல்லு ஒடைக்கிறாங்க. ஒண்ணும் ஆவாது" என்றாள் இன்னொருத்தி.

என்னால் அசைய முடியவில்லை. அப்போது பக்கத்தில் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அக்கா குப்புற ஊர்ந்து உள்ளே வந்தாள். வா என்று இழுக்கவில்லை, பயப்படாதே என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து, என்னைப் போலவே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படுத்தாள்.

"இப்ப என்ன செய்யோணும்?" என்று கேட்டாள். எங்கள் பேச்சில் கேட்டாள்.

"வாயைத் திறந்து வைச்சிருக்கோணும். இல்லாட்டிக் காது போயிடும்."

உடனே வாயைத் திறந்தாள். இருவரும் வாயைப் பிளந்துகொண்டு வெங்காய நெடியில் கண்ணீர் வடியப் படுத்திருந்தோம். அவள் மூக்கில் ஒரு எறும்பு ஏறியது. தட்டிவிடாமல், வாயையும் மூடாமல், கண்ணை மட்டும் உருட்டி அதைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தியாவுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த விடுமுறை முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு எங்கள் ஊரைச் சொன்னேன். அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கடலோரத்தில் எங்கள் வீடு. அப்பா மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவர். வீட்டுக்குப் பின்னால் அம்மாவும் மாமாவும் பங்கர் வெட்டியிருந்தார்கள். ஆள் இறங்குகிற பள்ளம், மேலே வெட்டி அடுக்கிய பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. விமானச் சத்தம் கேட்டால் ஊரே "பொம்பர், பொம்பர்" என்று கத்தும். நாங்கள் போய் இறங்கிவிடுவோம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அவன் இறங்கும்போது ஒவ்வொரு முறையும் கத்தி அழுவான். அவனை அடக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் பொம்பருக்கு உன்னைத் தெரியாது" என்று சொல்லிவைத்திருந்தாள். அவன் அதை நம்பினான். கன்னம் சுருங்க, பல்லெல்லாம் தெரிய, அப்படி ஒரு மூடல் மூடுவான்.

அந்த நாள் அம்மா அரிசி வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தாள். பொம்பர் வந்தது. நான் தம்பியை இழுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் குண்டு தள்ளி விழுந்தது. அடுத்தது பக்கத்து வீட்டு வளவில். பங்கரின் ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்தது. என் பக்கம் இடுப்பு வரை மண். தம்பி இருந்த பக்கம் முழுவதும் மண். ஆனால் ஒரு பனங்குற்றி சரிவாக விழுந்து, அதற்குக் கீழே எங்கோ அவன் இருந்தான். அவனுடைய குரல் வந்தது.

"அக்கா, பொம்பர் போட்டுதோ?"

"இன்னும் போகேல்லை. இரு."

"நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறன். இனித் திறக்கட்டோ?"

கண்ணில் மண் விழுந்துவிடுமே என்று, "திறக்காதை, கொஞ்சம் பொறு" என்றேன். கையால் தோண்டினேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டான். "இனித் திறக்கட்டோ அக்கா?" நான் பொறு என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. ஆட்கள் வந்து அவனை எடுத்தபோது கண் மூடியபடிதான் இருந்தது. பல் தெரிந்தது.

அம்மா ஓடிவருவதற்குள் மாமா என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னார்: "கொம்மா கேட்டால், அவன் சத்தமே போடேல்லை, உடனயே முடிஞ்சுது எண்டு சொல்லு. விளங்குதே? இல்லாட்டி அவளும் இருக்க மாட்டாள்." அம்மா கேட்டாள். நான் அப்படியே சொன்னேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. தம்பியின் பெயரைக்கூட அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இதை நான் அக்காவிடம் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவள் கேள்வி கேட்பாள். பனங்குற்றி ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா? மண் என்ன வாசனை அடித்தது? தம்பி என்ன சட்டை? அவனுடைய குரல் மேலேயிருந்து வந்ததா, பக்கத்திலிருந்து வந்ததா? மற்றவர்களாக இருந்தால் அழுதுவிட்டு, "விடு, மறந்திடு" என்று சொல்கிற இடத்தில் அவள் கேள்வி கேட்டாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருநாள் நான் சொல்லிக்கொண்டு வரும்போது குறுக்கே வந்தாள்.

"இல்லடி. மொதல்ல பொம்பர் போட்டுதோன்னு கேட்டான். அதை விட்டுட்ட."

அவள் சொன்னதுதான் சரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் சந்தோஷம்தான் பட்டேன். என் தம்பியை மறந்துவிடாமல் வைத்திருக்க என்னைத் தவிர இன்னொரு ஆளும் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்டி" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காயக் காரம் அவள் விரலிலும் இருந்தது, என் விரலிலும் இருந்தது.

சில வருடங்களில் அவள் முகாமைவிட்டுப் போய்விட்டாள். திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிப் பஸ் ஏறினாள். வெகுநாள் கழித்து ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து அவளுடைய அம்மாவுக்குப் பேசினாள். யாரோ ஏஜென்ட் மூலம் போய்ச் சேர்ந்திருந்தாள். எனக்கும் இரண்டு மூன்று முறை பேசினாள். பனியைப் பற்றிச் சொன்னாள், ஊர்ப் புளிக்குழம்புக்கு ஏங்குவதாகச் சொன்னாள். பிறகு பேச்சு நின்றுபோனது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போனவர்கள் அப்படித்தான்.

நான் இப்போது அரியலூரில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் நானும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகளின் தூசி ஜன்னல் கம்பியெல்லாம் படிந்திருக்கும். கடையில் என்னோடு வேலை செய்கிற செல்வி கீழப்பழுவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். நான் சிலோன்காரி என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் நான் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம் கடையில் கூட்டமில்லை. செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செல்வி?"

"உங்க ஊருக்காரங்க ஒருத்தங்க பேசுறாங்க பாரேன். என்னால முடியல. இந்த வயசுல இவங்க எவ்ளோ பட்டிருக்காங்க!"

ஒரு பெரிய மண்டபம். வெள்ளைக்காரர்கள் காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அக்கா. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, பட்டுச்சேலை. அதே சாய்ந்த தலை. "எனக்கு எட்டு வயசு. என்ர தம்பிக்கு அஞ்சு" என்றாள்.

என் அம்மா பேசுகிற பேச்சில் அவள் பேசினாள். பனங்குற்றியின் ஈரம் வந்தது. மண் வாசனை வந்தது. அரிசிக்குப் போன அம்மா வந்தாள். "அக்கா, பொம்பர் போட்டுதோ?" என்று அவன் கேட்டதைச் சொன்னாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் அவன் குரலே கேட்டது. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, நான் அங்கே இருந்தேனா என்று. ஒன்றே ஒன்றை மாற்றியிருந்தாள். தம்பிக்குக் கண்ணன் என்று பெயர் வைத்திருந்தாள்.

"இனித் திறக்கட்டோ அக்கா?" என்று அவள் சொல்லிவிட்டு நிறுத்தியபோது செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம், எப்புடித்தான் தாங்கிக்கிட்டு இருக்காங்களோ" என்றாள்.

நான் மருந்து அட்டைகளை அடுக்கினேன். அது என் தம்பி என்று செல்வியிடம் சொல்ல வாய் வந்தது. சொன்னால் என்ன நினைப்பாள்? மேடையில் பட்டுச்சேலையோடு அழுகிறவளை நம்புவாளா, கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற என்னையா? இதைக் கேட்டுவிட்டு நானும் ஒன்று அவிழ்த்துவிடுகிறேன் என்றுதான் நினைப்பாள். சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. கையில் போன். அதே வீடியோ யார் யாரோ அனுப்பி அவளிடமும் வந்து சேர்ந்திருந்தது. அக்காவின் குரல் முடிந்தது. அம்மா மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

"நிப்பாட்டுங்கோ அம்மா."

நிறுத்தவில்லை. கண்ணை மூடுகிற இடம் வரும்வரை பார்த்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள்.

"கண்ணை மூடினால் பொம்பருக்குத் தெரியாது எண்டு நான்தானே சொல்லிக் குடுத்தனான். வேற எந்தத் தாய் சொல்லியிருப்பாள்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவன் கதைச்சவனோ?"

மாமா செத்துப் பல வருடமாகிவிட்டது. பொய் சொல்லச் சொல்ல யாரும் இல்லை.

"ஓம் அம்மா."

"திறக்கட்டோ எண்டு கேட்டவனோ?"

"ஓம்."

அம்மா அழவில்லை. போனைச் சேலையில் துடைத்தாள். "இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில இருக்கிறம். எனக்குச் சொல்லேல்லை. அவளுக்குச் சொன்னனீ" என்றாள். அவள் கேட்டாள், நீங்கள் மறுபடியும் கேட்கவில்லை என்பதுதான் என் பதில். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

பூரணம் மாமியின் மகளிடம் அக்காவின் எண்ணை வாங்கி அடுத்த நாள் பேசினேன். நமக்குச் சாயங்காலம், அவளுக்குக் காலை. என் குரலைக் கேட்டவுடன், "ஏய், எப்புடிடி இருக்க!" என்று கத்தினாள். உண்மையான சந்தோஷம்தான் அது.

"அக்கா, அது என்ர தம்பி."

எங்கோ ஒரு குழாய் மூடுகிற சத்தம் கேட்டது.

"ஆமாடி" என்றாள்.

"ஏன்?"

"இங்க வந்து எறங்குனப்ப ஏன் வந்தேன்னு கேட்டாங்கடி. நான் நெசத்தத்தான் சொன்னேன். பெரம்பலூர்ல பொறந்தேன், பத்துக்குப் பத்து ரூம்ல வளந்தேன், எங்கயும் எனக்கு ஊரில்லைன்னு. எழுதிக்கிட்டிருந்தவன் பேனாவ வச்சிட்டான். இதுல பயப்பட என்னா இருக்குன்னு கேட்டான். திருப்பி அனுப்பிடுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மறுதடவ கேட்டப்ப வாயில அதுதான் வந்துச்சு. நான் என்னடி பண்ணட்டும்?"

அதுவரை எனக்குப் புரிந்தது. அந்த இடத்தோடு அவள் நிறுத்தியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

"சரி. இருக்க இடம் குடுத்திட்டாங்கள்தானே. பிறகும் ஏன் மேடையில சொன்னீங்கள்?"

"கூப்புடுறாங்கடி. ஒருத்தருக்குச் சொன்னா பத்துப் பேரு கூப்புடுறாங்க. என் கதைய நான் சொல்லிப் பாத்தேன், ஒருத்தன் அப்புறம்னு கேக்கல. இதைச் சொன்னா அழுறாங்க. இப்ப எனக்கே அந்த மண்ணு வாசன வருது. நெசமாடி. கனவுல பங்கருக்குள்ளதான் இருக்கேன்."

"அவன் அக்கா எண்டு கூப்பிட்டது என்னை."

"தெரியும்டி" என்றாள் மெதுவாக. "ஆனா நீ யாருக்கும் சொல்லவே இல்லையே. நான் சொல்லலைன்னா அவன் அங்கேயே கெடப்பான்."

அவளைக் கேட்க நான் பல சொற்கள் வைத்திருந்தேன். அதற்குள் அம்மா எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள். சத்தத்தை வெளியே கேட்கிற மாதிரி வைத்தாள்.

"பிள்ளை, நான்தான்."

"அன்ரி!" அக்காவின் குரல் அந்த ஒரு சொல்லில் பெரம்பலூரிலிருந்து எங்கள் ஊருக்குப் போய்விட்டது. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி."

"அதை விடு. நீ ஏன் பிள்ளை அவன்ர பேரை மாத்தினனீ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கேட்க வந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உண்மையான பேரைச் சொல்லப் பயமா இருந்தது அன்ரி."

"கண்ணன் எண்டு எங்கட சந்ததியிலேயே ஒருத்தரும் இல்லை. அவன்ர பேர் குகன். எங்கட முருகன் கோயில் திருவிழாவில பிறந்தவன். அதாலதான் அந்தப் பேர்."

"குகன்" என்றாள் அக்கா. சொல்லிப் பார்த்தாள். அவளுடைய உதடு அசைவதை என்னால் பார்க்க முடிந்தது. "அடுத்த முறை சொல்லேக்க அவன்ர பேரைத்தான் சொல்லுவன் அன்ரி."

அடுத்த முறை என்கிறாளே, கேட்டீர்களா அம்மா என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள். தலையை ஆட்டினாள். சரி என்கிற மாதிரி.

போனில் அக்கா கேட்டாள். "திருவிழாவில எண்டால், தேருக்கோ தீர்த்தத்துக்கோ அன்ரி?"

"தேருக்கு" என்றாள் அம்மா.

"அப்புறம்?"

அம்மா சொன்னாள். வலி வந்தபோது தேர் எந்த வீதியில் நின்றது என்று சொன்னாள். அப்பா கடலிலிருந்து இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஓடிவந்ததைச் சொன்னாள். குகன் முதலில் பேசிய சொல் 'மீன்' என்று சொன்னாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படுப்பானாம். என் சட்டை. எனக்கு அதெல்லாம் நினைவே இல்லை. எனக்கு அவள் சொன்னதில்லை. நான் அடுப்பில் வைத்த குக்கர் விசில் அடித்தது. சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று அம்மா கையைக் காட்டினாள். போய் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். முன்னறையில் அம்மாவின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே போனிலிருந்து அந்த ஒரு சொல் மட்டும் வந்தது. அம்மா இடையில் ஒருமுறை சிரித்தாள்கூட.

அதன் பிறகு அம்மாவும் அவளும் அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். நான் அந்த நேரத்தில் கடைக்குப் போய்விடுகிறேன், அல்லது துணி துவைக்கிறேன். அம்மா முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதை நான் மறுக்கவில்லை.

போன மாதம் புதிய வீடியோ வந்தது. இந்த முறை இன்னும் பெரிய மண்டபம். செல்வி எனக்காக எடுத்து வைத்திருந்தாள்.

"அவங்க தம்பி பேரு குகனாம். காச்சல் வந்தா இவங்க சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பானாம். கேக்கவே எப்புடியோ இருக்கு. எனக்கும் ஒரு தம்பி இருக்கான், எப்பப் பாத்தாலும் சண்டதான். இதைக் கேட்டப்புறம் போன் போட்டுப் பேசினேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள். "ஆமா, உனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?"

வாடிக்கையாளர் ஒருவர் சீட்டை நீட்டினார். வாங்கிப் படித்தேன். இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். செல்வி இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல செல்வி" என்றேன். "நான் ஒருத்திதான்."